மணிக்கட்டு அட்டையின் எழுத்தளவு

அணி இன்னொரு மாற்றுக் குவாட்டர்பேக்கைச் சேர்த்துக்கொண்டது என்ற செய்தி பத்திரிகையில் இரண்டு வரிக்கு மேல் போவதில்லை. பெயர், உயரம், எடை, படித்த பல்கலைக்கழகம். அதற்குக் கீழே வேறு செய்தி வந்துவிடும். நீங்கள் இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கும் உபகரண அறைக்கு அந்த இரண்டு வரியும் ஒரு நாள் முன்னதாகவே வரும். மேல்மாடியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரு லொக்கரும் ஒரு ஹெல்மெட்டும் ஆயத்தமாக வேண்டும் என்பார். காரணம் சொல்லமாட்டார். யாருடைய பெயருக்குப் பக்கத்தில் அந்தப் புதிய பெயரை மாட்டுவது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

நான் மொன்றியலில் ஒரு தொழில்முறை அணியின் உபகரண அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவன். கடைசி ஏழு வருடம் அறைக்குப் பொறுப்பாக இருந்தேன். கனடியன் புட்போல், நம்மவர்கள் விளையாடும் உதைபந்தாட்டம் அல்ல, ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி மோதுகிற ஆட்டம். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் மூன்று வருடம் ஒப்புநோக்குநராக இருந்தேன். அங்கே கற்ற இரண்டு பழக்கங்கள் இங்கும் கூடவே வந்தன. கண்டதைத் திகதியோடு எழுதி வைப்பது ஒன்று. எழுத்தின் அளவைப் பார்த்தவுடனே சொல்வது மற்றது.

நம் தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேர் இப்படியான அறைகளில் சேர்ந்திருப்பதாக அறிந்தேன். எதை எந்தச் சூட்டில் துவைப்பது, ஆணியை எவ்வளவு முறுக்குவது என்பதையெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது காட்டித் தருவார்கள். நான் எழுத வந்தது ஒரே ஒரு வாரத்தைப் பற்றி. அந்த வாரத்தில் என் கை செய்த வேலை எதிலும் பிழை இல்லை.

டெவன் எங்கள் அணியின் இரண்டாவது குவாட்டர்பேக். பந்தை முதலில் கையில் வாங்கி, எறிவதா கொடுப்பதா ஓடுவதா என்று கணத்தில் முடிவெடுப்பவர்தான் குவாட்டர்பேக். ஒருவர் ஆடுவார், மற்றவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்பார்கள். டெவனுக்கு வயது இருபத்தொன்பது. ஆறு வருடத்தில் நான்கு அணிகள் பார்த்துவிட்டான். அந்த வருடம்தான் முதன்முறையாக மனைவியையும் நான்கு வயது மகளையும் தன்னோடு கூட்டி வந்திருந்தான். மகளைக் கார்டெரி என்கிற பிரெஞ்சுக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்திருந்தார்கள். மாலையில் அவளைக் கூட்டிக்கொண்டு அறைக்கு வருவான். அவள் என் மேசைக்கு முன்னால் நின்று, "பொன்ஜூர் முசியே ராஜ்" என்பாள். அப்பனுக்குப் பிரெஞ்சில் அந்த ஒரு சொல்கூட ஒழுங்காக வராது.

மாற்றுக் குவாட்டர்பேக் சும்மா நிற்பவர் என்றுதான் பார்வையாளர்கள் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஒரு யார்ட் தூரம் மட்டும் தேவைப்படும்போது, இரண்டு பக்கமும் பாரமான ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு எதிரெதிரே நிற்பார்கள். பந்தை வாங்கியவர் அந்தக் குவியலுக்குள் தலைகொடுத்துப் புக வேண்டும். முதலாமவரின் தலையை அதற்குள் விட எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. இரண்டாமவரை அனுப்புவார்கள். அவன் போவான், ஒரு யார்ட் எடுப்பான், திரும்பி வந்து தொப்பியைப் போட்டுக்கொள்வான்.

நான் சொல்லும் வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை டெவன் மூன்று முறை அப்படிப் போனான். மூன்றாம் முறை குவியல் கலைந்தபோது கடைசியாக எழுந்தவன் அவன்தான். எழுந்தான், ஓடி வந்தான். அதற்குமேல் யாரும் எதையும் காணவில்லை, நான் உட்பட.

திங்கட்கிழமை காலை மேல்மாடியிலிருந்து அழைப்பு வந்தது. நான் ஒன்றும் சொல்ல முன்னரே, சலவை இயந்திரங்களுக்குப் பொறுப்பான யோகன் துவாய்க் கூடையோடு வந்து கதவடியில் நின்றான். யோகனுக்குத் தெரியாமல் அந்தக் கட்டடத்தில் ஒன்றும் நடக்காது.

"அண்ணை, இன்னொரு குவாட்டர்பேக்காம். உண்மையோ?"

"ஆர் சொன்னது?"

"மேலை புது உடுப்புக்கு இலக்கம் தேடுறாங்கள். ஏற்கெனவே மூண்டு பேர் நிக்கினம். இது நாலாவது. பஸ்ஸுக்குக் கூட ஒரு ஸ்பெயர் ரயர்தான் அண்ணை வைக்கிறவங்கள்."

"உனக்கென்னடாப்பா, துவைக்க ஒராளின்ரை உடுப்பு மிச்சமா வரும். அவ்வளவுதானே."

"வராது அண்ணை. இவர் வந்தால் ஒராள் போவார். உடுப்பு அதே அளவுதான்." கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டான். "டெவன்தான் போவான் போலை. பாவம், அந்தப் பிள்ளை இப்பதான் பிரெஞ்சு பழகுது."

எனக்கு முன் அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு கியூபெக்காரர். பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடமிருந்து எனக்கு வந்த வழக்கங்களில் ஒன்று: புதியவரின் பெயர்ப்பலகையை, பக்கத்து லொக்கர்க்காரர் வீட்டுக்குப் போனபின்தான் மாட்ட வேண்டும். இன்னொன்று, இந்த அறையில் கேட்டது இந்த அறையோடு நிற்க வேண்டும். அதற்கு நல்ல காரணம் இருந்தது. பயிற்சியாளர்கள் சும்மா வருவதுபோல வந்து, இவன் முழங்காலுக்குப் பட்டி கேட்டானா, அவன் சப்பாத்துக்குள் மெத்தை வைக்கச் சொன்னானா என்று விசாரிப்பார்கள். நாங்கள் வாய் திறந்தால் அடுத்த வாரம் அந்த வீரன் அணியில் இருக்கமாட்டான். "நாங்கள் கேட்டதைக் கொடுக்கிற ஆட்கள், ராஜ்," என்பார் பாஸ். "ஏன் எண்டு கேக்கிற ஆட்களுக்கு மேலை வேறை அறை இருக்கு."

பலகையை மாட்டப் பின்னேரம் வரை பொறுத்திருந்தேன். குவாட்டர்பேக்குகளின் வரிசையில் டெவனின் லொக்கருக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தபோது கார்ச் சாவியை மறந்துவிட்டேன் என்று டெவன் திரும்பி வந்தான்.

டெவனோடும் பாஸோடும் நான் கதைத்தது ஆங்கிலத்தில். என் காதில் இப்போது கேட்பதுபோலவே எழுதுகிறேன்.

"என்ரை பக்கத்திலையோ?" என்றான்.

"இடம் இங்கைதான் இருந்தது."

"எவ்வளவு உயரமாம்?"

"உன்னைவிட ரெண்டு அங்குலம்."

"எல்லாரும் என்னைவிட ரெண்டு அங்குலம்தான்." சிரித்தான். சாவியை எடுத்தான். போகவில்லை. தன் லொக்கருக்குள்ளேயே உட்கார்ந்து துவாயைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டான். நான் துக்கம் என்று நினைத்தேன். வெளிச்சத்தை மறைக்கிறான் என்று நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மணிக்கட்டு அட்டையைக் கொண்டுவந்தான்.

அதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டத்தின்போது பயிற்சியாளர் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஒலிபெருக்கி வழியாக ஓர் இலக்கத்தைச் சொல்வார். குவாட்டர்பேக் தன் மணிக்கட்டுப் பட்டியிலுள்ள அட்டையில் அந்த இலக்கத்துக்கு நேரே இருப்பதை வாசித்து மற்றவர்களுக்குச் சொல்வார். வாராவாரம் அந்த அட்டையை அச்சடித்து, வெட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் இடுவது என் வேலை. எல்லோருக்கும் எட்டுப் புள்ளி எழுத்து. பத்திரிகையில் வரி விளம்பரத்துக்குப் போடுகிற அளவு.

"ராஜ், என்ரை அட்டையை ரெண்டாப் பிரிச்சு, எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கித் தரேலுமோ? ரெண்டு கையிலும் கட்டுறன்."

"எவ்வளவு பெரிசு?"

"வடிவா வாசிக்கக் கூடிய மாதிரி. மைதான லைற் பிளாஸ்ரிக்கிலை பட்டு மினுங்குது."

பதினான்கு புள்ளியில் போட்டுக் காட்டினேன். அட்டையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான், தூரப் பிடித்தான், திரும்பக் கிட்டக் கொண்டுவந்தான். "இது காணும்," என்றான்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டம் பகலில் நடக்க இருந்தது. மைதானத்தில் லைற் போடமாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

என் குறிப்புக் கொப்பியில் எழுதினேன்: செவ்வாய், டெவன், அட்டை, பதினான்கு.

புதன்கிழமை ஹெல்மெட்டைக் கொண்டுவந்து, உள்மெத்தையைத் தளர்த்தித் தரச் சொன்னான். நெற்றியில் இறுக்குகிறதாம். சீசன் தொடங்கியதிலிருந்து அதே ஹெல்மெட், அதே மெத்தை. ஹெல்மெட் மாறவில்லை என்றால் மாறியது எது என்று கேட்க ஒரு வைத்தியர் தேவையில்லை. நான் தளர்த்திக் கொடுத்தேன். அதையும் எழுதினேன்.

வியாழக்கிழமை காலை கறுப்புக் கண்ணாடி மூடி கேட்டான். முகக்கம்பிக்கு உள்ளே பொருத்துவது. வெயில் கூசாமல் இருக்கச் சிலர் போடுவார்கள். "ஸ்ரைலுக்கு, ராஜ். பக்கத்திலை வந்திருக்கிறவன் வடிவான பெடியன், நானும் கொஞ்சம் வடிவா இருக்கவேணுமே," என்றான். புதியவன் அன்றுதான் வந்து சேர்ந்திருந்தான். உண்மையிலேயே மரியாதையான பெடியன். டெவனிடம் கை கொடுத்து, உங்களிடமிருந்து நிறையக் கற்க இருக்கிறது என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அன்றைய பத்திரிகையில் அவனுக்கு இரண்டு வரி வந்திருந்தது.

மூடியைப் பொருத்திக் கொடுத்துவிட்டுக் கொப்பியைத் திறந்தேன். மூன்றாவது வரியை எழுதியபோது முதல் இரண்டும் அதற்கு மேலேயே இருந்தன. பெரிய எழுத்து. தளர்ந்த மெத்தை. கறுப்புக் கண்ணாடி. ஒப்புநோக்குகிறவனுக்கு அதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? தெரியாமல் செய்தேன் என்று பின்னாளில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. எனக்கு அப்போதே விளங்கியது. அவனுக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது. கண் தெளியவில்லை. வெளியே சொன்னால் அவனை உட்கார வைப்பார்கள். உட்கார்ந்தால் அவன் இடத்தில் புதியவன் நிற்பான். அந்த இடம் பிறகு திரும்ப வராது.

இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மதியம் சுபா வந்தாள்.

சுபா அணியின் சிகிச்சையாளர்களில் ஒருத்தி. இதே நகரின் செயின்ட்-மிஷேலில் பிறந்து வளர்ந்தவள். தாய் தகப்பன் சாவகச்சேரிப் பக்கம். மற்றவர்களோடு பிரெஞ்சில் பொரிந்து தள்ளுவாள். என்னோடு மட்டும் தமிழ். கதவைச் சாத்திவிட்டு வந்து மேசை விளிம்பில் சாய்ந்தாள்.

"அங்கிள், டெவன் உங்களிட்டை ஏதும் வித்தியாசமாக் கேட்டவரோ?"

"ஏன் பிள்ளை?"

"திங்கட்கிழமை கழுத்து நோகுது எண்டு வந்தவர். நான் ஞாபக ரெஸ்ற்றும் செய்து பாத்தனான். பாஸ் பண்ணிட்டார். ஆனா எனக்கென்னவோ சரியாப் படேல்லை. சீசனுக்கு முதல் செய்த ரெஸ்ற்றிலை வேணுமெண்டே குறைச்சுச் செய்திருக்கிறாரோ தெரியாது. கன பேர் அப்பிடித்தான் செய்யினம், பிறகு அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாதெல்லோ."

கொப்பி எங்கள் இருவருக்கும் நடுவில் மேசையில் கிடந்தது. என் இடது கை அதன் மேல் இருந்தது.

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. வழமைபோலைதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும்."

"சொக்ஸ் ரெண்டு சோடி கேட்டவன். அவ்வளவுதான்."

சிரித்துவிட்டுப் போனாள். சொக்ஸ் நான் அந்த நிமிடத்தில் இட்டுக்கட்டியது. அவனுடைய மகளுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாஸின் சட்டத்துக்காக என்றும் சொல்லிக்கொண்டேன். அன்று பின்னேரம் மெட்ரோவிலும் பிறகு பியர்பொன்ட்ஸில் உள்ள வீட்டுக்கு நீண்ட பஸ் பயணத்திலும் இரண்டு காரணத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போனேன். இரண்டும் நல்ல காரணங்களாகவே தெரிந்தன. இதைக் கவனியுங்கள். அழுத்தம் இருக்கும்போது கெட்ட காரணத்துக்காக யாரும் பிழை விடுவதில்லை.

சனிக்கிழமை பிற்பகல் நல்ல வெயில். மலைச்சரிவில் மரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. டெவன் இரண்டு மணிக்கட்டிலும் பட்டி கட்டியிருந்தான். பயிற்சியாளர் எவரும் அதைக் கேட்கவில்லை. குவாட்டர்பேக்கின் கால்களைத்தான் அவர்கள் பார்ப்பார்கள், கையை எறியும்போது மட்டும். புதியவன் உடுப்பு மாற்றாமல் ஓரத்தில் நின்றான். அவனுக்கு இன்னும் ஆட்டமுறைகள் பிடிபடவில்லை.

ஆட்டத்தின் மூன்றாவது காற்பகுதியில் ஒரு யார்ட் தேவைப்பட்டது. டெவனைக் கூப்பிட்டார்கள். அவன் தொப்பியைக் கழற்றி, வழக்கம்போல என் கையில் தந்துவிட்டு ஓடினான். குவியல் விழுந்தது. நடுவர் கையைக் காட்டினார். ஒரு யார்ட் கிடைத்துவிட்டது. சனம் எழுந்து கத்தியது. குவியலிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியாக எழ வேண்டியவன் எழவில்லை.

கழுத்தில் அடி என்று சந்தேகம் வந்தால் ஹெல்மெட்டைக் கழற்றக்கூடாது. முகக்கம்பியை மட்டும் எடுத்து மூச்சுக்கு வழி விட வேண்டும். அந்தத் திருகாணி இயக்கி உபகரண அறைக்குப் பொறுப்பானவரின் இடுப்பில்தான் இருக்கும். நான் ஓடினேன். சுபா எனக்கு முன்னரே அங்கே முழங்காலில் இருந்து, ஹெல்மெட்டை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்திருந்தாள்.

"கறுப்புக் கண்ணாடி," என்றாள். "இவற்றை கண் தெரியேல்லை எனக்கு. கெதியாக் கழட்டுங்கோ."

வியாழக்கிழமை நான் பொருத்திய மூடி. அதைக் கழற்றினால்தான் அவனுடைய கண்களை அவள் பார்க்க முடியும். நான்கு ஆணிகள். பயிற்சியின்போது அரை நிமிடத்துக்குள் எடுப்பேன். அன்றும் அதே நேரம்தான் எடுத்திருக்கும். கண்ணாடி வந்ததும் அவன் கண்கள் திறந்திருப்பதைக் கண்டோம். ஒன்றின் கண்மணி சூரியனுக்குச் சுருங்கியிருந்தது. மற்றது சுருங்கவில்லை.

வைத்தியர் வந்தார். தூக்குபலகை வந்தது. கைகளைப் பட்டியால் கட்டும்போது சுபா அவனுடைய இடது மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு வலது மணிக்கட்டை. பிறகு என்னை. பலகையைத் தூக்கினோம். சனம் கை தட்டியது. இங்கே காயப்பட்டவரைக் கொண்டுபோகும்போது கை தட்டுவார்கள்.

ஆட்டம் தொடர்ந்தது. எங்கள் அணி வென்றது.

முடிந்தபின் உடுப்பறைக்குப் போகும் நடையில் சுபா நின்றுகொண்டிருந்தாள். கையுறையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"அந்த அட்டை நீங்கள் தானே அடிக்கிறது?"

"ஓம்."

"எப்ப கேட்டவர்?"

"செவ்வாய்க்கிழமை."

"நான் உங்களிட்டை வியாழக்கிழமை கேட்டனான், அங்கிள்."

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. நான் கொப்பியைக் கொண்டுபோய் அவள் முன்னால் விரித்து வைத்தேன். மூன்று வரியையும் வாசித்தாள். சொக்ஸ் என்ற வரி இருக்கிறதா என்று தேடினாள் என்று நினைக்கிறேன். பக்கத்தைத் தன் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனாள்.

அன்றே மண்டையைத் திறந்தார்கள். உயிர் தப்பிவிட்டது. முதல் அடி ஆற முன்னர் இரண்டாவது அடி விழுந்தால் மூளை அப்படித்தான் வீங்கும் என்று வைத்தியர் பின்னர் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். முதல் அடி எப்போது விழுந்தது என்று யாருக்காவது தெரியுமா என்றும் கேட்டார். நான் கையை உயர்த்தி, கொப்பியில் இருந்ததைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். சுபா எழுதிய அறிக்கையிலும் அது இருந்தது: வியாழக்கிழமை கேட்டபோது உபகரண அறைப் பொறுப்பாளர் இல்லை என்றார். என் வேலை போய்விடும் என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. அந்த வரியை மேல்மாடியில் யாராவது வாசித்தார்களோ தெரியாது. அங்கே அந்த வாரம் எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது. இன்னொரு மாற்றுக் குவாட்டர்பேக் தேவைப்பட்டது. திங்கட்கிழமை எனக்குத் தொலைபேசி வந்தது: ஒரு லொக்கர், ஒரு ஹெல்மெட். யோகன் அன்று பகிடி ஒன்றும் விடவில்லை.

சில நாள் கழித்து பாஸைப் பார்க்க சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போனேன். ஓய்வுக்குப் பின் ஆற்றோரமாக ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கும் ஒருத்தன் இருந்தவன்," என்றார். "கழுத்துக்குப் பட்டை கேட்டவன். குடுத்தன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே நீங்கள்."

"சொல்ல வெக்கமா இருந்தது, ராஜ். சட்டத்தை மட்டும் சொன்னன்."

இதனால்தான் உங்களுக்கு நான் சட்டமாக எதையும் தராமல், நடந்ததை எழுதுகிறேன். பாஸின் சட்டம் பயிற்சியாளர்களிடமிருந்து வீரனைக் காக்க வந்தது. நான் அதே சட்டத்தைச் சிகிச்சையாளரிடமிருந்து அவனை மறைக்கப் பயன்படுத்தினேன். கதவு ஒன்றுதான், அதைத் தட்டுகிறவர் யார் என்று நான் பார்க்கவில்லை.

அதன்பிறகு அறையில் ஒரு மாற்றம் செய்தேன். சீசனின் முதல் நாளே வீரர்களிடம் சொல்லிவிடுவேன்: கேட்டது எல்லாம் கிடைக்கும், பயிற்சியாளருக்கு ஒரு வார்த்தையும் போகாது, ஆனால் தலை, கண், கழுத்து என்றால் அன்றே சிகிச்சை அறைக்குப் போகும். தினமும் மதியம் சுபா வந்து கொப்பியை வாசிப்பாள். வேறு கதை எங்களுக்குள் இல்லை. முன்பு தாயார் செய்த பணியாரம் கொண்டுவந்து தருவாள்; அது நின்றுபோனது. இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். சிலர் கேட்பதையே விட்டுவிட்டார்கள். உள்மெத்தையைத் தானே கத்தியால் செதுக்கிக்கொண்ட ஒருவனை அடுத்த வருடம் பிடித்தேன். ஹெல்மெட்டைக் கையில் வாங்கும்போதெல்லாம் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள்.

அடுத்த வசந்தகாலத்தில் டெவன் தன் பொருட்களை எடுத்துக்கொள்ள வந்தான். மகள் கையைப் பிடித்திருந்தாள். கட்டடத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். மெலிந்திருந்தான். ஒரு சொல்லைச் சொல்லுமுன் அதைத் தேடினான். தேடும்போது மகள் பொறுமையாக அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது பழகிவிட்டிருந்தது.

பொருட்களைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். தாளைக் கிட்டக் கொண்டுபோனான், தூரப் பிடித்தான்.

"ராஜ்," என்றான். "இதையும் நீ பெரிசாக்கித் தரவேண்டி வரும்."

பதினான்கில் அடித்துக் கொடுத்தேன். இல்லை என்று தலையை ஆட்டினான். பதினெட்டில் அடித்தேன். இருபத்துநான்கில் வாசித்தான். ஒரு பக்கத்துப் படிவம் நான்கு பக்கமாகிவிட்டது. கையெழுத்து வைத்துவிட்டு எழுந்து கையை நீட்டினான்.

"அந்தக் கிழமை... நீ ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எனக்குத் தெரியும். வேறை ஊர்களிலை எண்டால் காட்டிக் குடுத்திருப்பாங்கள். நீ நல்ல மனுசன், ராஜ். நன்றி."

அந்தக் கையைப் பிடித்தேன். அறையில் அவனும் நானும் குழந்தையும் மட்டும்தான். சொல்லியிருக்கலாம். அவன் நன்றி சொன்ன காரியம்தான் அவனை இப்படி ஆக்கியது என்று சொல்லியிருக்கலாம். அவன் அதைக் கொண்டு என்ன செய்வான் என்று யோசித்தேன். திரும்பவும் எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக் கார் வரை கொண்டுபோய் வைத்தேன்.

திரும்பி வந்து கொப்பியைத் திறந்து எழுதினேன்: டெவன், படிவம், இருபத்துநான்கு. எழுதிய கையோடு, கண் சம்பந்தமானது என்பதால் மதியம்வரை பொறுக்காமல், கொப்பியை எடுத்துக்கொண்டு நானே சிகிச்சை அறைக்குப் போனேன். சுபா வாங்கி வாசித்தாள்.

"இவர் இப்ப எங்கடை ஆள் இல்லை, அங்கிள்," என்றாள்.